பீரங்கித் தளத்துக் காயங்கள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீயும் வாலை ஆட்டிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த முறை வேலை விஷயம். எங்கள் அருங்காட்சியகத்துக்குப் பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரி வந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜை நீளம். ஒரு பக்கத்துப் பலகையைத் திறந்து வைத்து, சண்டையின்போது உள்ளே பீரங்கித் தளம் எப்படி இருந்தது என்று காட்டப்போகிறோம். கப்பல் தயார், பீரங்கிகள் தயார், ஆள்தான் இல்லை. சுண்டுவிரல் உயர வெள்ளீய மாலுமிகளை வார்த்து உனக்கு அனுப்புவார்கள். வர்ணம் பூச வேண்டியது நீ. உன் பெயரைச் சொன்னது நான் இல்லை, என்னோடு மதிப்பீடு செய்கிற தாடிக்காரர். "தங்கச்சின்னு மார்க்கை அள்ளி விட்டுடாதீங்க" என்று சிரித்தார். "சார், தங்கச்சிங்கிறதால ஒரு மார்க் கம்மியாத்தான் போடுவேன்" என்றேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்.

ஒவ்வொருவனும் என் பூதக்கண்ணாடியின் கீழே படுத்தாக வேண்டும். எந்தக் காயம் எதனால் ஆனது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். குண்டு நேராகப் பட்டுச் செத்தவன் குறைவு. குண்டு பெயர்த்த மரச்சிராய் பாய்ந்து செத்தவன்தான் அதிகம். முழ நீளச் சிராய் தொடையில் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சுட்ட பீரங்கி பின்னால் உதைத்துப் பாதத்தை நசுக்கும். விளிம்பில் பட்ட காயம் கோடாக இருக்கும், கட்டையடி குழியாக இருக்கும். ரத்தத்தில் கால் வழுக்காமலிருக்கத் தளமெங்கும் மணல். பொம்மைதானே என்று கன்னத்துக்கு ரோஜா நிறம் பூசினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்பா எப்படி இருக்கிறார்? வயதாகிவிட்டது, இனிமேலாவது அடங்கியிருப்பார். எப்படியும் பெண்பிள்ளைமேல் கை வைக்கிற ஆள் இல்லை.

உன் அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள பூதக்கண்ணாடி அண்ணாவுக்கு,

வாலு எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான்.

மாலுமிகள் வந்து சேர்ந்தார்கள். பஞ்சைப் பிரித்தால் ஒருவனுக்கும் முகமில்லை, மொழுமொழுவென்று ஈயம். சமையலறை ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு, பாட்டில் மூடிகளின்மேல் ஒவ்வொருவனாக ஒட்டி நிற்க வைத்திருக்கிறேன். முதலில் கறுப்பு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் வெளிச்சம் படுகிற இடங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவேன். இருட்டு தானாக மடிப்புகளில் தங்கிவிடும்.

அப்பாவைக் கேட்டிருந்தாய். துறைமுகத்து இழுவைப் படகில் கயிறு இழுத்தவரைத் தெரு இன்னும் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை. படகிலிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து அந்தக் கயிறு சுற்றும் கட்டை, உனக்கு நன்றாகவே ஞாபகமிருக்கும், உருண்டைத் தலையோடு இப்போதும் அவர் மடியில்தான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது படி விளிம்பு இரும்புப் பட்டையில் தட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் மேல்வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்திவிடுவாள். கைப்பலம் கொஞ்சமும் குறையவில்லை. பசியும் குறையவில்லை. நீ கவலைப்படாதே.

முதல் கட்டத்தில் ஐந்து பேரை அனுப்புகிறேன். பீரங்கிக்குள் குண்டு திணிக்கிறவனுக்குச் சட்டை கிழிந்து மேல்கை தெரிகிறது. அங்கே ஒரு கன்றல் பூசியிருக்கிறேன். மற்ற நான்கு பேருக்கும் ஆன நேரம் அந்த ஒரு கைக்கு ஆயிற்று. அதைப் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

உன் தங்கை

பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

நலம். உன் கடிதமும் பெட்டியும் பத்திரமாக வந்தன. அப்பா சுகமாயிருப்பது அறிந்து நிம்மதி.

சிராய் பாய்ந்தவனுக்கு ஒன்பது மார்க். அவன் வாயைத் திறந்து வைத்திருக்கிறாய், ஆனால் கத்தவில்லை. மூச்சு வராமல் திறந்திருக்கிறது. தாடிக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கால் நசுங்கியவனுக்கு எட்டு. அவன் ரத்தம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. மணலில் ஊறிய ரத்தம் துருப்பிடித்த நிறத்துக்குப் போய்விடும்.

இப்போது திட்டு. உன் செல்லப்பிள்ளை, குண்டு திணிக்கிறவன், அவனுக்கு ஆறுதான். கன்றலின் நிறத்தில் குறை சொல்ல முடியாது. நடுவே கருநீலம், சுற்றி ஊதா, ஓரத்தில் பழுத்த மஞ்சள். "இது இன்னிக்கு பட்ட அடி இல்ல சார், நாலஞ்சு நாள் ஆயிருக்கு" என்றார் தாடிக்காரர். அதுதான் முதல் தவறு. சண்டை அன்றைக்கே நடக்கிறது, பழைய கன்றலுக்கு இங்கே என்ன வேலை? இரண்டாவது, வடிவம். கையின் ஒரு பக்கம் வரிசையாக நான்கு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒன்று. எந்தச் சிராய் அப்படி அடிக்கும்? எந்தப் பீரங்கி அப்படி உதைக்கும்? அவனைத் திருப்பி அனுப்புகிறேன், கரைத்துவிட்டு மறுபடி பூசு.

அடுத்து மாலுமிகளை அடித்து வேலை வாங்குகிற மேஸ்திரி வருகிறான். கையில் கட்டை உண்டு. அதை எப்படிப் பிடித்திருப்பான் என்று புத்தகத்துக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். உனக்குச் சரியென்று பட்டபடி செய்.

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அப்பாவும் சுகம்.

ஐயா உத்தரவுப்படி கரைத்துவிட்டேன். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து ஒரு தேய் தேய்த்தால் கன்றல் போன இடம் தெரியவில்லை. எல்லாக் கன்றலும் இப்படிப் போய்விட்டால் உலகத்தில் முழுக்கைச் சட்டையே விற்காது.

மேஸ்திரியை அனுப்பியிருக்கிறேன். புத்தகம் எழுதியவர்கள் யாரும் அடி வாங்கியதில்லை போலிருக்கிறது. கட்டைவிரல் கட்டையைச் சுற்றி வராது, அதன்மேல் நீளமாகப் படுத்திருக்கும். அப்போதுதான் நினைத்த இடத்தில் இறக்கலாம். சும்மா மிரட்டுகிறவன்தான் முழுக்கையால் சுற்றிப் பிடிப்பான். அதைப் பார்த்தே நாம் உட்காருவதா ஓடுவதா என்று முடிவு செய்யலாம்.

கூடவே இரண்டு பேர். ஒருவனுக்குக் காதிலிருந்து ரத்தம். இன்னொருவனுக்குக் கழுத்தைப் பார். நிதானமாகப் பார், அண்ணா. மார்க்கை அப்புறம் போடலாம்.

தாமதத்துக்குக் காரணம், போன வாரம் கதவில் இடித்துக்கொண்டேன். முழுங்க முடியாமல் தொண்டையில் ஒரே வலி. இப்போது பரவாயில்லை.

உன் தங்கை

ஏப்ரல் 10

அன்புள்ள வாலுக்கு,

நலம். கதவைப் பார்த்து நட. உன் கண் பொம்மையில் மட்டும்தான் இருக்கிறது.

மேஸ்திரியின் கட்டைவிரலைத் தாடிக்காரர் தன் கைத்தடியை எடுத்துப் பிடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஒன்பது. காதில் ரத்தம் வடிகிறவனுக்குப் பத்துக்குப் பத்து. இந்த வேலைக்கு வந்து இதுவரை யாருக்கும் நான் பத்து போட்டதில்லை. பீரங்கிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தால் இப்படித்தான் ஆகும். ரத்தம் மடலில் தேங்கி, தாடையைச் சுற்றி, காலருக்குள் இறங்கும். அவன் நல்ல காதை முன்னால் திருப்பித் தலையைச் சாய்த்திருக்கிறான் பார், அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ உடம்பு கூசியது. இதற்கு மாதிரி யார்?

கழுத்துக்காரனுக்கு ஐந்து. கயிறு இறுகியிருந்தால் தழும்பு சுற்றி வர வேண்டும். நீ முன்பக்கம் மட்டும் போட்டிருக்கிறாய், தொண்டையில் இரண்டு கட்டைவிரல் பதிந்தாற்போல. கப்பலில் எதிரி ஏறவே இல்லை, யார் வந்து கழுத்தை நெரிப்பார்கள்? அவனையும் திருப்பி அனுப்புகிறேன், திருத்து.

இனிக் கேப்டன் ஒருவன்தான் பாக்கி. திறப்பு விழா ஜூலை முதல் வாரம்.

உன் அண்ணன்

மே 18

அண்ணா,

மாதிரி யார் என்று கேட்டாய். நீதான்.

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைக்கவில்லை, அவ்வளவுதான் குற்றம். கட்டை இடது காதில் இறங்கியது. நீ முக்காலியோடு சாய்ந்தாய். அவர் எழுந்து வந்து விழுந்த உன்னை மறுபடி அடித்தார். ரத்தம் மடலில் தேங்கி, தாடையைச் சுற்றி, ஸ்கூல் சட்டைக் காலருக்குள் இறங்கியதை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து நான் பார்த்தேன். இன்றைக்கும் யார் பேசினாலும் நீ வலது காதைத்தான் திருப்புகிறாய். உடம்பு கூசியது என்று எழுதினாயே, கூசாமல் என்ன செய்யும்?

அம்மா இருந்தவரை அடியில் அவளுக்கும் உனக்கும்தான் பங்கு. அம்மா போய்ச் சேர்ந்தாள். நீ ரயிலேறிப் போனாய். முழுப் பங்கும் எனக்கு வந்தது. பெண்பிள்ளைமேல் கை வைக்க மாட்டார் என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கையோடு நின்றால் பரவாயில்லையே, கட்டையும் வரும்.

நீ பத்து மார்க் போட்டது உன் காதுக்கு. ஆறு போட்டது என் கைக்கு. ஐந்து போட்டது என் கழுத்துக்கு. முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு பூசினேன். வாயால் சொல்ல வெட்கமாயிருந்தது. உன் பூதக்கண்ணாடிக்காவது தெரியும் என்று நினைத்தேன். நீ என்னவென்றால் வடிவம் தவறு என்கிறாய்.

வாசல் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. கடிதங்களை ஜன்னல் வழியாகக் கூடையில் ஏற்றி, தையல்காரிதான் தபாலில் போடுகிறாள். எனக்குப் பயமாயிருக்கிறது, அண்ணா. ஒருநாள் அவர் நிறுத்துவதற்குள் என் மூச்சு நின்றுவிடும். என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ.

வாலு

மே 26

அன்புள்ள வாலுக்கு,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. எத்தனை முறை பேனாவை எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

வருகிறேன். கட்டாயம் வருகிறேன். ஆனால் திறப்பு விழா நெருங்கிவிட்டது, தாடிக்காரரும் படுத்துவிட்டார், இப்போது லீவு கேட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். விழா முடிந்த மறுநாள் வண்டியேறுகிறேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எதிரே போகாமல் இரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதே. முடிந்தால் கேப்டனை முடித்து அனுப்பிவிடு. அவன் இல்லாமல் தளம் வெறிச்சென்றிருக்கிறது.

வேலையைக் காரணம் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். பாதி அதுதான். மீதி என்னவென்று உனக்குத் தெரியும். படியில் கட்டை தட்டுகிற சத்தத்தை நினைத்தால் இப்போதும் எழுந்து போய் அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணன்

ஜூன் 14

அண்ணாவுக்கு,

எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன்.

கேப்டனுக்கு முகம் வைத்தேன். வேறு முகம் எனக்கு வரவில்லை. மோவாயில் வெட்டுத் தழும்பு, பாதி இல்லாத புருவம். காய வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் குடிக்க வந்தவர் அதைக் கையில் எடுத்தார்.

"யாருடி இது?"

"கேப்டன்."

"எந்தக் கேப்டன்?"

எதிர்த்துப் பேசாதே என்று நீ எழுதியிருந்தாய். வாய் அடங்கவில்லை. "இந்த வீட்ல எத்தனை கேப்டன் இருக்காங்க?" என்றேன்.

அவர் கத்தவில்லை. என் வலது மணிக்கட்டைப் பிடித்து மேஜையில் வைத்து விரித்தார். கட்டைவிரலைக் கட்டையின்மேல் நீளமாகப் படுக்க வைத்தார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விரல், ஒவ்வொன்றாக. பென்சில் ஒடிகிற சத்தம்தான், வேறொன்றுமில்லை. நடுவிரலில் எலும்பு வெளியே வந்தது. பிறகு மேஜையைக் கவிழ்த்து, திருத்தத்துக்கு வந்திருந்த மாலுமியையும் கேப்டனையும் செருப்புக் காலால் மிதித்தார். எல்லாம் முடிந்தபின் கை கழுவிக்கொண்டு "சாப்பாடு எடுத்து வை" என்றார். இடது கையால் எடுத்து வைத்தேன். வயிறாரச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதாம். விரல் உப்பி, நிறம் மாறிக்கொண்டு வருகிறது. என்னென்ன நிறம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் திறப்பு விழா நன்றாக நடக்கட்டும். அப்பா சுகம் என்று இனி எழுத மாட்டேன்.

வாலு

ஜூன் 19

தந்தி

கேப்டன் படியில் விழுந்து மரணம். உடனே வரவும். மேல்வீட்டுத் தையல்காரி.

ஜூலை 2

அன்புள்ள வாலுக்கு,

நலமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். அங்கே இருந்த நாட்களில் நாம் இருவரும் காப்பி வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தவிர வேறு பேசவில்லை. கட்டுப் போட்ட உன் கையைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. நேரில் வராதது எழுத்தில் வருகிறதா பார்க்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தையல்காரி அவரிடம் என் பெருமையை அளந்து வைத்திருக்கிறாள். "பொம்மைக்குக் காயம் பாக்குறதுதான் உங்க வேலையாமே? அப்ப இதையும் பாத்துச் சொல்லுங்களேன். டாக்டரும் படில விழுந்ததுன்னுதான் சொல்றாரு" என்று துணியை விலக்கினார்.

செத்துக் கிடந்தும் அவர் எழுந்துவிடுவாரோ என்று என் கால் பின்வாங்கியது. பிறகு குனிந்து பார்த்தேன். படி விளிம்பில் இரும்புப் பட்டை. அதில் பட்டிருந்தால் கோடு விழ வேண்டும். வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே இருந்தது உருண்டையான குழி. ஓரமெல்லாம் உள்ளே மடிந்திருந்தது. என் கண்ணுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அடித்தவர் இடது கைக்காரர் என்பதுகூடத் தெரிந்தது.

"என்ன சார், என்ன சொல்றீங்க?" என்றார்.

"கோடு சார். படி விளிம்பு" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். தெரிந்தே தவறாக ஒரு மதிப்பீடு சொன்னது வாழ்க்கையில் அன்றுதான். எனக்கு வருத்தமில்லை. முன்னாலேயே வந்திருந்தால் அந்தக் கட்டை உன் கைக்குப் போயிருக்காது, அந்த வருத்தம்தான்.

உன் அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

விரல் இரண்டு மடங்குகிறது. மூன்றாவது முரண்டு பிடிக்கிறது. தூரிகையை இடது கையில் பிடித்துப் பழகுகிறேன்.

நீ பார்த்தது சரி. அவர் தூங்குகிறார் என்று நினைத்து நான் சாவியை உருவிக் கதவைத் திறக்க, தையல்காரி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். மாடிப்படி உச்சியில் அவர் வந்து பிடித்துக்கொண்டார். முதல் அடி அவள் தோளில் விழுந்தது. "அய்யோ, விடுய்யா, பொண்ணு கை அழுகுது" என்று அவள் கத்தினாள். இரண்டாவது அடிக்கு அவள் தலைக்கு நேராக ஓங்கினார். நான் கட்டையைப் பிடித்து இழுத்தேன். இத்தனை நாள் மலையாகத் தெரிந்த கை, சட்டென்று விட்டுவிட்டது. கட்டைவிரலைக் கட்டையின்மேல் நீளமாக வைத்தேன், அண்ணா. யாரும் சொல்லித்தராமலே வந்தது. ஒரே அடி. மிச்சத்தைப் படிகள் பார்த்துக்கொண்டன.

அழுதேனா என்று கேட்காதே. அன்று நன்றாகத் தூங்கினேன். இப்போதுதான் தூக்கம் வருவதில்லை. பார்க்கிறவர்களெல்லாம் "பாவம், கேப்டன் படியில விழுந்து போய்ட்டாரு" என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். என் கன்றல்களைக் கரைத்தேன், கழுத்தைக் கரைத்தேன், இப்போது இதையும் கரைத்துவிட்டால் இந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

அதனால் மிதிபட்ட கேப்டனை நிமிர்த்தி முடித்திருக்கிறேன். இந்தப் பெட்டியில் இருக்கிறான். தலைக்காயத்தை உள்ளது உள்ளபடி பூசியிருக்கிறேன். அவனைக் கப்பலில் வைக்க வேண்டாம். பூதக்கண்ணாடியின் கீழ் படுக்க வை. ஒரே ஒருமுறை, நான் உன் தங்கை என்பதை மறந்துவிட்டு, சரியான மார்க் போடு.

வாலு

ஆகஸ்ட் 3

அன்புள்ள வாலுக்கு,

கேப்டன் வந்தான். தாடிக்காரர் வீட்டுக்குப் போனபின் விளக்கை அருகே இழுத்து வைத்துப் பார்த்தேன்.

முகம் சரி. புருவம் சரி. கட்டை பிடித்த விரல் சரி. தலைக்காயம் குழி, கட்டையடி, இடது கை, ஒரே அடி. திருத்தம் எதுவும் தேவையில்லை. பத்துக்குப் பத்து.

நீ கரைத்துவிட்டவற்றுக்கும் மார்க்கை மாற்றியிருக்கிறேன். மேல்கைக் கன்றல் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும், பத்து. கழுத்தில் பதிந்தது இரண்டு கட்டைவிரல், பத்து. ஒன்றும் நடக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நான் பார்த்தேன், வாலு. நன்றாகவே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அழுகை வந்து, கண்ணாடி மங்கி, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

பிறகு அவனை இரும்புக் கரண்டியில் வைத்து ஸ்டவ்மேல் பிடித்தேன். முதலில் வர்ணம் பொரிந்தது. முகம் போயிற்று. கட்டை பிடித்த கை போயிற்று. கடைசியில் கரண்டிக் குழியில் கொஞ்சம் ஈயம்தான் மிஞ்சியது. அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நீ இங்கே வந்ததும் வேறு யாரையாவது வார்த்துக்கொள்ளலாம். கப்பலுக்குக் கேப்டன் இல்லை என்று விழாவுக்கு வந்தவர்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். உன் சாமான்களைக் கட்டி வை. தையல்காரியிடம் நான் கேட்டதாகச் சொல், அவள் தோள் எப்படியிருக்கிறது என்று விசாரி.

நான் நலம். நீ நலமா? இந்த முறை பதில் எழுதாதே, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்